ஓடாத பஸ்ஸில் போய் வந்த கதை

என் சிட்டுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அத்தையும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீ சுகமா, உன் இருமல் போய்விட்டதா அல்லது அதுவும் உன்னைப் போல அந்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டதா என்று மறக்காமல் எழுது. நம் கட்டட லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. மூன்றாம் மாடிக்காரர் அதைச் சரி செய்ய ஒரு குழு போட்டிருக்கிறார், தலைவரும் அவரே உறுப்பினரும் அவரே, ஆனாலும் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்று ஒத்திவைத்துக்கொண்டே போகிறார். உன் அப்பா நடைப்பயிற்சி ஆரம்பித்துவிட்டார், அதாவது அதற்கான ஷூ வாங்கிவிட்டார், அந்த ஷூ தினமும் வெயில் காய பால்கனி வரை போய் வருகிறது, அவர் இன்னும் சோபாவை விட்டு நகரவில்லை. நான் இளைத்துவிட்டதாக யாராவது உனக்குப் போட்டோ அனுப்பினால் நம்பாதே, தையற்காரி அளவைத் தாராளமாக விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போன தடவை போனில் அத்தை கை எப்படி இருக்கு என்று நீ கேட்டதும் அப்பா பரவால்ல பரவால்ல என்று சொல்லிவிட்டு உங்கள் ஊர்க் குளிரைப் பற்றி விசாரிக்கப் போய்விட்டாராமே, என்னம்மா மறைக்கிறீங்க ரெண்டு பேரும் என்று எனக்குத் தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறாய். மறைக்கிற அளவுக்கு உன் அப்பாவுக்குச் சாமர்த்தியம் ஏது. கதை நீளம், போனில் ஆரம்பித்தால் நடுவில் நீ சரிம்மா மீட்டிங் என்று வைத்துவிடுவாய், காகிதம் என்றால் நீ எங்கே மடித்து வைத்தாலும் பிரித்ததும் விட்ட இடத்திலிருந்து பேசும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கை விஷயம் இதுதான். பக்கவாதம் வந்து போனதில் அத்தைக்கு முகமும் காலும் தேறிவிட்டன, வாய் தேறியதா என்று கேட்காதே, அது ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வார்டு முழுவதையும் ஆண்டது. வலது கை மட்டும் மொட்டு மாதிரி மூடிக்கொண்டது. தலைமுடி வெட்டிப் பிழைக்கிறவளுக்கு வலது கை மூடினால் கடை மூடின மாதிரிதானே, அவள் குடியிருக்கும் காலனி வாசலில் வைத்திருக்கும் அழகு நிலையத்தில் இப்போது நாற்காலிகள் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் விரல்களை நீவிப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், கெட்டிக்காரி, அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், வாரத்தில் பாதி நாளாவது வரணும்மா, மழைக்காலம் வர்றதுக்குள்ள விரல் பிரியணும், இப்படியே விட்டா அப்படியே இறுகிடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது என்று. முதலில் ஒழுங்காகத்தான் போய் வந்தாள், கட்டை விரல் கொஞ்சம் அசையக்கூட ஆரம்பித்தது. அப்புறம்தான் காலனி பஸ் நின்றது.

அந்த பஸ் நின்றதும் அத்தை போவது நின்றது. ஆட்டோவுக்கு அப்பா பணம் கொடுத்தால் வாங்கமாட்டாள், உன் காசுல என் கை நிமிர வேண்டாம்ணா என்று சொல்லிவிட்டாள், உனக்குத்தான் தெரியுமே அவள் ரோஷம். அப்பா ஸ்கூட்டரில் கூட்டிப் போனார், ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தவள் ஒரு வளைவில் கொத்தவரங்காய் மூட்டை மாதிரி சரிந்தாள், நல்ல வேளை மணல் குவியல். அன்றோடு டாக்டர் ஸ்கூட்டருக்குத் தடை போட்டுவிட்டார். ஆக, நாலு மாதமாக அவள் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, பூனைக்குட்டியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைத்தான் அப்பா போனில் பரவால்ல என்றார்.

இப்போது வேடிக்கையைக் கேள். பஸ்ஸை நிறுத்தியது எங்கள் போக்குவரத்துத் துறை, அது நின்றதா ஓடுகிறதா என்று சட்டசபையில் யாராவது கேட்டால் பதில் எழுதுகிற கேள்வி பதில் பிரிவில் உட்கார்ந்திருப்பது உன் அம்மா. எங்கள் பிரிவில் ஒரு சம்பிரதாயம் உண்டு, பதிலில் இல்லை என்ற சொல்லே வரக் கூடாது. நின்ற பஸ்ஸை மறுசீரமைக்கப்பட்ட பஸ் என்போம், வராத பஸ்ஸைப் பரிசீலனையில் உள்ள பஸ் என்போம், தடம் புரண்டால்கூட மாற்றுப் பாதையில் முன்னேற்றம் என்று எழுதுகிற ஆட்கள் நாங்கள். காலனி வழித்தடத்தில் பஸ் ஓட்டுவதற்கென்று சபை ஒதுக்கிய பணத்தில் எங்கள் துறை என்ன செய்தது தெரியுமா, காலனி ஸ்டாப்பில் கண்ணாடிக் கூரை போட்டு, உட்கார வழுக்குகிற ஒரு இரும்பு பெஞ்சும் போட்டு, அடுத்த பஸ் எப்போது வரும் என்று சிவப்பு எழுத்தில் ஓடுகிற பலகை ஒன்றும் மாட்டியது. எல்லாம் மாட்டி முடித்துப் பார்த்தால் பஸ் ஓட்டப் பணம் இல்லை. டீசலுக்கு இல்லை, டிரைவருக்கு இல்லை, ஆனால் பலகைக்கு மின்சாரம் மட்டும் தட்டாமல் வருகிறது. அதில் சற்று நேரத்தில் சற்று நேரத்தில் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது, கல்யாண வீட்டில் சாப்பாடு எப்போது என்று கேட்டால் சொல்வார்களே அந்த மாதிரி. அத்தை முதல் வாரம் அதை நம்பி அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு அந்த பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரி துணி காயப் போட ஆரம்பித்துவிட்டாள்.

சபையில் துறைகளின் செலவைக் கேள்வி கேட்க ஒரு கணக்குக் குழு இருக்கிறது. அதற்குப் புதிதாகத் தலைவியாக வந்திருக்கும் அம்மாள் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், நாங்கள் அவரை டீச்சர் என்றுதான் சொல்வோம், அவர் இல்லாதபோது. அவர் எழுதிக் கேட்டார், காலனி வழித்தடத்துக்கு ஒதுக்கிய தொகை என்ன ஆனது, பஸ் ஓடுகிறதா என்று. நான் வழக்கம் போல எழுதிக் கொடுத்தேன், மேற்படி வழித்தடத்தில் பயணிகள் சேவை மறுசீரமைக்கப்பட்டுத் தகவல் வசதி மேம்படுத்தப்பட்டுள்ளது என்று. சிட்டு, அந்த வாக்கியத்தை நன்றாகப் பார், பொய் ஒரு சொல் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. எங்கள் இயக்குநர் அதைப் படித்து அசந்துபோய் வழக்கம் போல ஓரத்தில் ஆவன செய்க என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எந்தக் கோப்பு போனாலும் அதையேதான் எழுதுவார், அதனால் ஆபீஸில் அவர் பெயரே ஆவனதான். ஆனால் டீச்சர் எங்கள் பாச்சாவுக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. திருப்பி ஒரே வரி வந்தது, மேம்பட்ட சேவையைப் பார்க்க ஆவலாக உள்ளேன், வருகிற வியாழக்கிழமை அந்த பஸ்ஸில் குழுவோடு பயணம் செய்கிறேன் என்று.

அன்று ஆவன எங்கள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். பஸ் இல்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, அதை வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. டிப்போவில் சும்மா நிற்கிற ஒரு பஸ்ஸைக் கழுவிக் காலனிக்கு ஒரு நாள் விடுவது என்று முடிவாயிற்று. பஸ் சரி, பயணி வேண்டாமா. வெளியாட்களை ஏற்றினால் உளறிவிடுவார்கள், நம்ம ஆட்களே பயணியா உட்காரட்டும் என்றார் ஆவன. உடனே வேஷம் பிரித்தார்கள். கணக்குப் பிரிவு கண்காணிப்பாளர் இருக்கிறாரே, யார் மேஜையில் உட்கார்ந்தாலும் ஒட்டிக்கொள்வார் என்று கோந்து என்று பெயர் வைத்திருக்கிறோமே, அவர் நோயாளி. தட்டச்சுப் பெண் கல்லூரி மாணவி, அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குக் குடும்பத் தலைவி வேஷம், கையில் வெங்காயப் பை. இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டு நான் கண்ட பதவி உயர்வு அது. கோந்து ஒரு சந்தேகம் கேட்டார், பயணிகளாகப் பயணிக்கும் ஊழியர்களுக்கு டிக்கெட் காசை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று. அரை மணி நேரம் விவாதம் நடந்து, பொதுமக்கள் விழிப்புணர்வு என்ற தலைப்பில் எழுதலாம் என்று தீர்மானித்து, எல்லாருக்கும் ஒரு உறையில் சில்லறை போட்டுக் கொடுத்தார்கள். வெங்காயத்துக்கும் அதே தலைப்புதான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அப்ப வியாழக்கிழமை தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவள் ஏறக் கூடாதுங்க, ஏறினா என்னைப் பார்த்துப் பேசுவா, மானம் போயிடும், பதவி உயர்வு லிஸ்ட்ல என் பேர் வேற இருக்கு என்றேன். உயர்வு லிஸ்ட்டில் என் பெயர் முதலில் இருந்தது, அது வந்தால் வருகிற கோடையில் உன்னைப் பார்க்க டிக்கெட் எடுக்கலாம் என்று நானும் அப்பாவும் கணக்குப் போட்டு வைத்திருந்தோம், உனக்குச் சொல்லவில்லை, திடீரென்று வந்து நிற்கலாம் என்று. அப்பா மடித்த பேப்பரை மறுபடி பிரித்துக்கொண்டார். அவர் அப்படிப் பேப்பருக்குள் போனால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், அதைவிட நாலு வார்த்தை திட்டினால் தேவலை. பிறகு நான் அத்தைக்குப் போன் செய்தேன், வியாழக்கிழமை பஸ் வந்தா ஏறிடாதே என்று எச்சரிக்கத்தான் செய்தேன், சத்தியமாக. ஆனால் ஏன் ஏறக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது, அதைச் சொல்ல வேஷம் பிரித்ததைச் சொல்ல வேண்டியிருந்தது, கோந்து நோயாளி என்பதைச் சொன்ன பிறகு மிச்சத்தை எப்படி விழுங்குவது, என் வயிறு உனக்குத் தெரியாததா. யார்கிட்டயும் சொல்லிடாதடி என்று முடித்தேன். சொல்லுவேனா அண்ணி என்றாள் அவள். அவள் சொன்னது இஸ்திரி போடுகிறவளிடம் மட்டும்தானாம். இஸ்திரி போடுகிறவள் துணி கொடுக்கும் வீடுகளில் மட்டும் சொன்னாளாம்.

வியாழக்கிழமை வந்தது. பஸ் கழுவித் துடைத்து மாப்பிள்ளை மாதிரி நின்றது. டிப்போவிலேயே நாங்கள் ஏறி ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்தோம். கோந்து மஃப்ளர் சுற்றிக்கொண்டு முனகிக்கொண்டே இருந்தார், நிஜமாகவே ஜுரம் வந்துவிடும் போலிருந்தது. டவுன் ஸ்டாண்டில் டீச்சரும் குழுவினர் சிலரும் ஆவனவும் ஏறினார்கள், முன்னால் காலியாக விட்டிருந்த சீட்டுகளில் உட்கார்ந்தார்கள். டீச்சர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாதவனைத் தேடும் பார்வை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, கண்டக்டர் எழுந்து டிக்கெட் டிக்கெட் என்று வருகிற வரை. ஒத்திகையில் எல்லாரும் இருந்தோம், கண்டக்டரை மட்டும் யாரும் நினைக்கவில்லை. முதலில் கோந்து. முனகலை நிறுத்தி, மஃப்ளருக்குள் கையை விட்டு, துறை அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, வருஷக்கணக்காகச் சொல்கிற அதே தோரணையில் ஸ்டாஃப் என்றார். பின்னால் கல்லூரி மாணவி, ஸ்டாஃப். அதற்குப் பின்னால் பால்காரர் வேஷத்தில் இருந்த உதவிப் பொறியாளர், ஸ்டாஃப். உறையில் சில்லறை எல்லார் மடியிலும் இருக்கிறது, ஆனால் டிக்கெட் என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது, இலவசமாகப் போய்ப் பழகிய கை அது. நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதே, வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். கண்டக்டர் பாவம், டிக்கெட் கட்டைக் கிழிக்க வேலை இல்லாமல் முன்பக்கம் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் மெதுவாகத் திரும்பி, காலனில எல்லாருமே போக்குவரத்துத் துறையா, பரவால்லையே என்று கேட்டார். ஆவன சளைக்காமல், மேடம், எங்க ஊழியர்கள் பஸ்ஸை எவ்வளவு நம்பி இருக்காங்கங்கறதுக்கு இது ஒரு அடையாளம் என்றார். டீச்சர், சரி, அப்ப அவங்களுக்கு இன்னிக்கு ஆபீஸ் இல்லையா என்று கேட்டார். அதற்கு ஆவன ஜன்னல் வழியாக ஒரு மரத்தைக் காட்டி வேறு ஏதோ சொன்னார்.

நடுவில் எங்கும் நிறுத்தாதே என்று டிரைவருக்கு உத்தரவு. ஆனால் காலனிக் கடைசி ஸ்டாப்பில் நிறுத்தித் திரும்பித்தானே ஆக வேண்டும். அங்கே திரும்பினால், சிட்டு, காலனியே நின்றுகொண்டிருந்தது. இஸ்திரி போடுகிறவள் எந்த வீட்டையும் விடவில்லை என்று புரிந்தது. கையில் எக்ஸ்ரே உறையோடு ஒரு தாத்தா, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, வேலைக்குப் போகிற பெண்கள், முதல் வரிசையில் இஸ்திரி போட்ட புடவையில் உன் அத்தை. பலகையில் சற்று நேரத்தில் ஓடிக்கொண்டே இருந்தது, பஸ் அதற்கு முன்னால் நின்றபோதும் ஓடியது. கதவு திறந்ததும் எல்லாரும் ஏறினார்கள். உட்கார இடம் ஏது, எல்லா சீட்டிலும் நாங்கள். போலிப் பயணிகள் உட்கார்ந்திருக்க நிஜப் பயணிகள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். அத்தை நேராக என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, இடது கையால் கம்பியைப் பிடித்தாள். என்னைத் தெரியாத மாதிரி இருக்கச் சொல்லியிருந்தேன், அவளும் அப்படித்தான் இருக்க நினைத்தாள் போல, ஆனால் என் பையைப் பார்த்துவிட்டாள். வெங்காயம் முளைச்சிருக்கே அண்ணி, துறை வாங்கினதா என்று கேட்டாள். அவள் தணிந்த குரல் எப்படி என்று உனக்குத் தெரியும், தெருக்கோடி வரை கேட்கும்.

கண்டக்டர் இப்போது மகிழ்ச்சியாக வந்தார். அத்தை டிக்கெட்டுக்குப் பர்ஸைத் திறக்கப் பார்த்தாள். இடது கையை விட்டால் விழுந்துவிடுவாள், வலது கை பர்ஸின் ஜிப்பைப் பிடிக்கவில்லை. மூடின விரல்களால் அந்த ஜிப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நான் எழுந்து அவளை உட்காரவைத்தேன், பர்ஸை நானே திறந்தேன். டீச்சர் எழுந்து எங்கள் பக்கத்தில் வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கா என்று அத்தையைக் கேட்டார். ஆமாம்மா, இந்தக் கைக்குத்தான் என்றாள் அத்தை. அடிக்கடி போவீங்களா என்றார். அத்தை பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள், என் வேலைக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதே என்று அந்த நாக்கு முதல்தடவையாக அடங்கியிருந்தது. டீச்சர் என் பக்கம் திரும்பி, உங்க முகம் எனக்குத் தெரியும், குழுவுக்குக் கோப்பு எடுத்துட்டு வருவீங்களே, பதில் எழுதறவங்க நீங்கதானே, நேத்து வரைக்கும் இந்த பஸ் ஓடிச்சா என்று கேட்டார். ஆவன முன்சீட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன், மேடம், அது வந்து, கொள்கை அளவில் பார்த்தா என்று தானாக வந்தது. அத்தை மடியில் அந்தக் கை மூடிக் கிடந்தது. கொள்கை அளவில் என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை, சிட்டு, இத்தனை வருஷம் சரளமாக வந்தது வரவில்லை. ஓடல மேடம் என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பஸ்ஸில் யாரையும் நிறுத்த முடியவில்லை. எக்ஸ்ரே தாத்தா, நாலு மாசமா ஓடல, பலகைதான் ஓடுது என்றார். குழந்தைக்காரி, நேத்து ராத்திரி கழுவியிருக்காங்க, இன்னும் சோப்பு வாசனை போகல என்றாள். ஒருத்தி கோந்துவைத் தட்டி, ஐயா நோயாளி, எந்திரிங்க, நிஜமான நோயாளி நிக்கறாரு என்றாள், அவர் மஃப்ளரோடு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆவன, மேடம், ஆவன செய்கிறோம் என்றார், டீச்சர், அதைத்தான் பார்த்துட்டேனே என்றார். ஆஸ்பத்திரி வாசலில் டீச்சர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். இறங்கினவர்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது, நின்றுகொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே இறங்கிவிட்டார்கள். அத்தையும் இறங்கினாள், இறங்குமுன் என்னிடம், நீங்க ஆபீஸுக்குப் போங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன், உங்களைத்தான் யாரும் பார்த்துக்க மாட்டாங்க போல இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வாய் முகூர்த்தம். குழு பழைய பதிலைத் திருப்பி அனுப்பியது, புதுப் பதில் வேண்டும், நேரடியாக வேண்டும், எழுதும் அதிகாரி பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று. எங்கள் பதில்களில் யார் பெயரும் இருக்காது, துறை சார்பில் என்றுதான் இருக்கும், அதுதான் எங்கள் வீரமே. பெயர் என்றதும் ஆவனவுக்கு முதுகுவலி வந்தது, இணை இயக்குநருக்கு மாமியார் வீட்டில் ஏதோ விசேஷம் வந்தது, கோந்துவுக்கு நிஜமாகவே ஜுரம் வந்தது. காகிதம் என் மேஜைக்கு வந்தது. பாதி நாள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நேராக ஒரு வாக்கியம் எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் சின்ன வயதிலேயே பழகியிருப்பேன். கடைசியில் எழுதினேன், காலனிக்கு பஸ் ஓடவில்லை, அதற்கான பணம் கூரைக்கும் பெஞ்சுக்கும் பலகைக்கும் செலவாயிற்று, அதற்கு ஒப்புதல் தந்த உத்தரவின் நகல் இணைப்பில் உள்ளது, பழைய பதிலை எழுதியதும் நான்தான் என்று. பெயர் போட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறையின் மாண்புக்குக் குந்தகம் விளைவித்தது ஏன் என்று எனக்கு ஒரு மெமோ வந்தது, கொள்கை அளவில் வருந்துகிறேன் என்று பதில் கொடுத்தேன், அதற்கு மேல் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. உயர்வு லிஸ்ட்டில் என் பெயர் மறுசீரமைக்கப்பட்டுவிட்டது. என்னைத் தவறவிட்ட பொருட்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், குடைகளும் டிபன் பாக்ஸுகளும் ஒரு பல்செட்டும் என் பொறுப்பில் இருக்கின்றன, பல்செட்டைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை, அந்த மனிதர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதுதான் இப்போது என் கவலை. ஆவனவைப் பொறுப்புடைமை பற்றிய பயிற்சிக்கு ஒரு நல்ல மலைவாசஸ்தலத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பணத்துக்கு யார் பதில் சொல்வது என்று குழு இன்னும் குடைந்துகொண்டிருக்கிறது, டீச்சர் விடமாட்டார் என்று நினைக்கிறேன், விட்டாலும் ஆச்சரியமில்லை. ஆனால் காலனிக்குக் காலையில் ஒரு நடை, சாயந்திரம் ஒரு நடை பஸ் விட்டிருக்கிறார்கள், சோதனை ஓட்டம் என்று பெயர், எடுத்துவிடக்கூடும் என்பதற்கு எங்கள் பழைய பிரிவு வைத்திருக்கும் பெயர் அது. காலனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, வேலை இல்லாதவர்கள்கூட ஒரு டிக்கெட் வாங்கி ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பி வருகிறார்கள், பஸ் காலியாகப் போனால் பிடுங்கிவிடுவார்களே என்று. இந்தக் கோடையில் உன்னைப் பார்க்க வர முடியாது, சிட்டு. அதுதான் எனக்கு உறுத்துகிறது, மற்றதெல்லாம் போகட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்பா சொல்கிறார், சொல்லிவிட்டு அந்த ஷூவைத் துடைக்கிறார்.

புதுப் பிரிவு தாமதமாகத் திறப்பதால் காலையில் நான் காலனிக்குப் போய் அத்தையோடு ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் வருகிறேன், அட்டையைக் காட்டாமல் டிக்கெட் வாங்கித்தான், அது இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. அந்தப் பெண் தினமும் விரல்களை நீவி விடுகிறாள், அத்தை அலறுகிறாள், வராண்டாவில் இருக்கிறவர்கள் பிரசவ வார்டு இங்கேயா வந்துவிட்டது என்று எட்டிப் பார்க்கிறார்கள். மழை வருவதற்குள் பிரியுமா என்று நான் கேட்டால் அந்தப் பெண் அடுத்த விரலை நீவப் போய்விடுவாள். இன்று காலை பஸ்ஸில் நான் அத்தையிடம், உன் கை சரியானதும் முதல் ஆளா என் தலைமுடியை வெட்டு, ஆனா உன் மூஞ்சி மாதிரி பண்ணிடாதே என்று சீண்டினேன். அவள் என் கையில் கிள்ளினாள். நான் ஆ என்றேன், அவளும் ஆ என்றாள், இரண்டு பேரும் கிள்ளின கையைப் பார்த்தோம். வலது கை, சிட்டு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். இன்னொரு தடவை கிள்ளு என்றேன், கிள்ளினாள், இந்தத் தடவை இன்னும் நன்றாக வலித்தது. முன்சீட்டுக்காரர் திரும்பி, என்னம்மா சண்டையா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இப்போது இதை எழுதும்போதும் முழங்கைக்குக் கீழே சிவந்திருக்கிறது, அப்பா தைலம் தடவட்டுமா என்று கேட்டார், வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீ நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க என்று மட்டும் எழுதிவிடாதே, அவளிடம் கிள்ளு வாங்க எனக்கு இன்னும் கையில் கொஞ்சம் இடம்தான் மிச்சம் இருக்கிறது. உன் கையும் காலும் எடுத்த காரியமும் குறையில்லாமல் நடக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் உனக்கு வண்டி வரட்டும்.

உன் வாழ்வுக்காக எப்போதும் ஏங்குகிற,
அம்மா
(தவறவிட்ட பொருட்கள் பிரிவு)